அம்மா கழுவிய எட்டுக் குப்பிகள்

என் வேலை என்னவென்று யார் கேட்டாலும், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள். "இவளுக்கா? கண்காணாத ஊருக்குப் போயி அழுக்குத் தண்ணி கோரிட்டு வாறதாக்கும் சோலி." என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமே இப்படிச் சொன்னவள் அவள். மாப்பிள்ளையின் அம்மா கையில் எடுத்த தண்ணீர்த் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். அந்தச் சம்பந்தம் கலைந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனாலும் ஒரு மரியாதைக்காக அம்மாவிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சும்மா இருந்திருக்கலாம். முப்பத்தெட்டு வயதில் முனைவர் பட்டம் வேண்டும் என்று ஆசை வந்து தொலைத்தது. வழிகாட்டியாக வாய்த்த சார் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். அப்போது ஓய்வு பெற நான்கு வருடம் பாக்கி. மேகாலயாவில் ஒரு கல்லூரியோடு கூட்டாக ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். "மக்களே, அங்க பழைய நிலக்கரிச் சொரங்கம் நெறைய உண்டு. அதுலேருந்து வடியிற வெள்ளம் இருக்குல்லா, அதாக்கும் உனக்குத் தலைப்பு" என்றார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் தண்ணீர். நாட்டின் இந்தக் கோடியில் இருப்பவளை அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

நிலக்கரி கிடக்கும் இடத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு மஞ்சள் கல்லும் கிடக்கும். மண்ணுக்குள் இருக்கிறவரை சாதுவான கல்தான். தோண்டி வெளியே போட்டு, அதன்மேல் காற்றும் மழையும் பட்டுவிட்டால் அதிலிருந்து ஆசிட் வடிய ஆரம்பிக்கும். போகிற வழியில் அகப்பட்ட பாறையையெல்லாம் கரைத்துச் சேர்த்துக்கொண்டு ஓடும். ஓடை காவி நிறமாகும், மீன் சாகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சங்கதி, இதற்கு ஆராய்ச்சி எதற்கு? கீழே ஊரில் ஒரு கிணற்றிலோ சுனையிலோ அந்தத் தண்ணீர் சத்தமில்லாமல் கலக்கிறதா என்பதுதான் கேள்வி. இரும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது, இரும்பு எங்கும் உண்டு. நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று ஒளிந்திருக்கிற சுவடுத் தனிமங்களைத்தான் பிடித்து விசாரிக்க வேண்டும். சாம்பாரில் பருப்பு எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். பெருங்காயத்தின் வாடையை வைத்துத்தானே இது இன்னார் வீட்டுச் சாம்பார் என்கிறோம், அது மாதிரி.

என் ஆராய்ச்சியில் பெருங்காயம் என்பது அருமண் தனிமங்கள் என்கிற பதினான்கு பேர். லாந்தனம், சீரியம் என்று தொடங்கி வரிசையாக நிற்பார்கள். யார் எவ்வளவு என்று ஒரு கோடு வரைந்தால், அந்தக் கோட்டின் வடிவமே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். சுரங்கத்து ஆசிட் தண்ணீருக்கு நடுவில் இருப்பவர்கள் தூக்கி நிற்பார்கள், கோடு தொப்பை போட்ட மாதிரி இருக்கும்.

மேகாலயாவில் நான் போன சுரங்கத்துக்குக் கீழே, ஜீப் நிற்கிற வளைவில், ஒரு பெண் டீக்கடை வைத்திருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அங்கே அக்கா என்பதற்குக் 'கோங்' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கடைக்குப் பின்னால் பாறையிடுக்கில் ஒரு சுனை. மூங்கிலைப் பிளந்து வைத்துத் தண்ணீரை அடுப்படிவரை கொண்டுவந்திருந்தாள். டீ, சோறு, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதில்தான். நானும் அவளும் பேசிக்கொண்டது இந்தியில். இருவர் இந்தியும் ஒரே அளவுக்கு மோசமாக இருந்ததால் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே வந்ததில்லை.

மேலே சுரங்கத்திலிருந்து வடிவது அந்தச் சுனையிலும் கலக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு. ஊர்த்தலைவர் கண்டிப்பானவர். பரிசோதனை முடிவு வரட்டும், சுரங்கத் தண்ணீர் என்றால் சுனை வாயில் கான்கிரீட் போட்டு மூடிவிடுவோம், யாரும் குடித்துச் சாக வேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். அடுத்த நல்ல தண்ணீர் மலைக்குக் கீழே அரை மணி நேர இறக்கத்தில் இருந்தது. சுனை போனால் கடையும் போச்சு. கோங் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எதுவானாலும் எனக்கு முதலில் சொல்லு. தலைவருக்கு முன்னால், உன் சாருக்கு முன்னால்." நான் பெரிய ஆள் மாதிரி கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன், அதுதான் வினை. அதற்கு முன்னால் குப்பிகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குப்பிகளை ஒரு நாள் முழுக்க ஆசிட்டில் ஊறப்போட்டு, சுத்த நீரில் மூன்று முறை அலசி, தூசி படாமல் உலர்த்தி, கவருக்குள் கவர் போட்டு மூட வேண்டும். நூறு கோடியில் ஒரு பங்கைத் தேடுகிறவளுக்கு ஒரு விரல் ரேகைகூட எதிரி. இருபத்து நான்கு குப்பிகளை இப்படிப் பச்சைப்பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து பையில் அடுக்கினேன். இருபத்தைந்தாவதாக ஒன்றும் உண்டு. அதில் சுத்த நீரை மட்டும் ஊற்றி, கூடவே மலைக்குக் கொண்டுபோய், கூடவே திருப்பிக் கொண்டுவந்து, மற்றதோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். அதில் ஏதாவது தென்பட்டால் குப்பியில் கோளாறு என்று அர்த்தம். முதல் வருட மாணவிகளுக்கு நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பையில் இடம் இல்லை என்று அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, நாகர்கோவிலுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனேன். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். நான்கு கடை ஏறி இறங்கி, ஒரு குண்டுப் பச்சை ஸ்வெட்டரோடு திரும்பிவந்து, இருபத்தைந்தாவது குப்பி இருந்திருக்க வேண்டிய இடத்தில் அதைத் திணித்தேன்.

நான் கடை கடையாக அலைந்த நேரத்தில் அம்மா பையைத் திறந்திருக்கிறாள்.

அம்மா சத்துணவு அமைப்பாளராக முப்பது வருடம் இருந்தவள். அவள் பள்ளிக்கூடத்தில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள். சமையல்கார அக்கா இரண்டு பேர் அதற்காகவே வேலையை விட்டு ஓடினார்கள். எவ்வளவு அலசினாலும் குப்பியில் ஆசிட் வாடை துளி நிற்கும், அம்மாவின் மூக்குக்கு அது போதும். வாய் சிறுத்த குப்பியைக் கழுவ எங்கள் வீட்டில் ஒரே வழிதான். ஒரு பிடி மணலைப் போட்டு, தண்ணீர் விட்டு, காது கிழியக் குலுக்க வேண்டும். ஆற்றுமணல் லாயக்கில்லை என்பது அம்மாவின் கட்சி. குளச்சலில் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடப்புறத்தில், அதாவது கடற்கரையில், அள்ளிய கருமணலை ஒரு கவரில் கட்டிக்கொண்டு வருவாள். "அதுக்குக் கனம் உண்டு பிள்ளே, மூலையில இருக்க அழுக்கையும் போயிப் பிடிச்சு இழுத்துரும்" என்பாள்.

எட்டுக் குப்பியைக் குலுக்கியதும் மணல் தீர்ந்துவிட்டது. அதனால் மற்ற பதினாறும் தப்பின. எட்டையும் முறத்தில் கவிழ்த்து வெயிலில் காயவைத்து, பழையபடி கவரில் போட்டு, பையின் மேலாக வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. பெண்ணின் துணியைத் துவைத்துப் போட்டால் யாராவது அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

ஜீப் முதலில் நின்ற இடம் கோங்கின் கடை. கை முதலில் எடுத்தது மேலே இருந்த எட்டு. சுனைத் தண்ணீரை அந்த எட்டிலும் பிடித்தேன். மற்ற பதினாறில் சுரங்கத்து ஓடை. ஊருக்கு வந்து, வெளியூரில் பெரிய கருவி உள்ள ஒரு கூடத்துக்கு அனுப்பி, இரண்டு மாதம் காத்திருந்தேன்.

முடிவு வந்த அன்று சார் கல்லூரிக்கே வந்துவிட்டார். சுனைத் தண்ணீரில் அருமண் தனிமங்கள் அள்ளி வைத்த மாதிரி இருந்தன. "கொள்ளாம் மக்களே, கொள்ளாம்! அப்போ பாறைக்க உள்ளால கூடி எறங்குகு, கேட்டியா!" என்று மேசையைத் தட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. உண்மையில் அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அந்தச் சுனையில் புளிப்பே இல்லை, இரும்பும் இல்லை. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்திருக்கும், அது புளிப்பை முறித்திருக்கும் என்று நானே ஒரு கதை கட்டினேன். புளிப்பு முறிந்தால் இந்தத் தனிமங்களும் கூடவே பாறையில் ஒட்டி நின்றிருக்குமே என்று என் மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். எனக்கு நானே வட்டம் போட்டுக்கொள்ளவில்லை. அழகான அத்தியாயம் ஒன்று கண்முன்னால் நின்றது, ஆசை யாரை விட்டது?

வாக்குக் கொடுத்தபடி கோங்குக்குப் போன் செய்தேன். சாருக்கு முன்னால் சொல்ல முடியவில்லை, தலைவருக்கு முன்னால் சொன்னேன். சுரங்கத் தண்ணீர் கலக்கிறது, அதில் விஷம் இருக்கும், குடிக்காதே என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு "சரி" என்றாள். நான் சமாதானமாக என்னென்னவோ சொன்னேன். "நீ சொன்னால் சரிதான்" என்றாள். தலைவரிடம் அவளே போய்ச் சொல்லியும் விட்டாள். அங்கே சந்தை எட்டு நாளுக்கு ஒருமுறை கூடும். அடுத்த சந்தை முடிந்ததும் சிமெண்ட் மூட்டை வந்துவிடும் என்று மறுநாள் தகவல் அனுப்பினாள்.

நான்காம் நாள் சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து அத்தியாயத்துக்குப் படம் வரைந்தேன். சுரங்க ஓடையின் கோடு தொப்பையும் தொந்தியுமாக ஒழுங்காக வந்தது. சுனையின் கோட்டைப் போட்டேன். இடது பக்கம் உச்சியில் தொடங்கி வலது பக்கம் சரிந்தது. நடுவில் யூரோப்பியம் என்கிற ஒருவன் மட்டும் முன்பல் விழுந்த வாய் மாதிரி குழிக்குள் கிடந்தான். தொப்பையைக் காணோம். சந்தேகத்துக்குத் தோரியத்தைப் பார்த்தேன், அதுவும் எகிறிக்கொண்டு நின்றது. இந்தக் கோட்டை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். இது நிலக்கரியின் கோடு இல்லை. நம் கடற்கரைக் கருமணலின் கோடு. மேகாலயா மலையுச்சியில் குளச்சல் கடப்புறம் எப்படி ஐயா ஏறிப்போகும்?

வந்தது பாருங்கள் கோபம். முதலில் கருவிக்கூடத்து ஆளைப் போனில் பிடித்தேன். எங்கள் ஊர் மணல் ஏதாவது சோதித்துவிட்டுக் கருவியைக் கழுவாமல் என் தண்ணீரை ஏற்றினீர்களா என்று கேட்டேன். அவர் பொறுமையாக, "மேடம், உங்க ஊர்லேருந்து வந்தது உங்க தண்ணி மட்டும்தான்" என்றார். அடுத்தது எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். பாவம், அந்த மனிதர் எட்டு மாதமாகப் வேறு துறைக்கு மாறிப்போயிருந்தார், அது எனக்கு ஞாபகமில்லை. மூன்றாவதாக யாரைத் திட்டலாம் என்று நடுக்கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஏட்டி, என்னத்துக்கு இந்தக் கூப்பாடு? கடப்பொறத்து மண்ணுதான? அது நான் போட்டதாக்கும்."

"எதுல?"

"உனக்க குப்பியில. எட்டெண்ணம். பொறவு மண்ணு தீந்து போச்சு."

நான் பேச்சு வராமல் நின்றதை அவள் நன்றி என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "தொறந்தா ஆசிட்டு நாத்தம் மூக்கத் தொளச்சிது. அப்பிடியே கொண்டு போயி நாலுபேரு முன்னால வச்சா, இவளப் பெத்தவ வளத்த லெச்சணம்னு என்னையதான சொல்லுவா?"

"அது நான் கழுவின குப்பி!"

"கழுவின லெச்சணந்தான் பாத்தேனே."

அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மைனி குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு ஓடிவந்தார். என் சாமானைத் தொடாதே என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், என் மூன்று வருடம் போச்சு, உன் மணலில் தோரியம் இருக்கிறது தெரியுமா என்று கண்டபடி பேசினேன். அம்மா அசையவில்லை. "இருந்துட்டுப் போட்டும். அந்த மண்ணுல கழுவின குப்பியில எண்ண ஊத்தித்தான் உன்ன வளத்தேன். நீ என்ன, செத்தா போன?" என்றாள். மைனி அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டார். வீட்டில் வேதியியல் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் எனக்கு ஓட்டு ஒன்றுதான்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஒரு மணி நேரம் நான் கெட்டவளாக இருந்தேன். இது யாருக்குத் தெரியும்? எனக்கும் அம்மாவுக்கும் மைனிக்கும், அதிலும் மைனிக்கு என்ன சங்கதி என்று தெரியாது. சாருக்கு இந்த அத்தியாயம் வேண்டும், எனக்குப் பட்டம் வேண்டும். ஒரு சுனையை மூடுவதால் யாரும் சாகப்போவதில்லை, மூடாமல் விட்டால்தானே ஆபத்து என்று நியாயம்கூடக் கண்டுபிடித்தேன். இன்னும் நான்கு நாளில் சிமெண்ட் போட்டுவிடுவார்கள், அதன்பிறகு யாரும் அந்தத் தண்ணீரைச் சோதிக்கவும் முடியாது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. எழுந்து சாரை அழைத்தேன்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓய்வு பெறுவதற்கு முன் அவர் கையெழுத்துப் போடப்போகிற கடைசி ஆய்வேடு என்னுடையது. எந்த வசவுக்கும் தயாராகப் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"அம்மா எந்தக் கடப்பொறத்து மண்ணு எடுத்தாவ?" என்றார்.

"குளச்சல், சார்."

"ஒரு கிலோ எனக்குக் கொண்டு வா. குப்பியில போட்டுக் குலுக்கி, கழுவி, நாமளும் அளந்து பாப்போம். ரெண்டு கோடும் ஒண்ணுக்குமேல ஒண்ணு உக்காந்தா சங்கதி தீந்துது." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "மொதல்ல அந்தப் பொம்பளைக்குப் போன் செய்யி. தலைவருக்கு நான் எழுதுகேன்" என்றார். வைப்பதற்கு முன்னால் அடக்கமாட்டாமல் அவர் சிரித்ததும் எனக்குக் கேட்டது.

கோங்கிடம் இந்தியில் இதைச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். சுனையில் விஷம் இருக்கிறது என்று சொன்னது தப்பு. அப்படியானால் நல்ல தண்ணீரா என்றால் அதுவும் தெரியாது. எட்டுக் குப்பியும் வீணாகிவிட்டது, அந்தத் தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் வீட்டில் குப்பியை மணல் போட்டுக் கழுவிவிட்டார்கள், அந்த மணலில்தான் அது இருந்தது. யார் கழுவினார்கள் என்று கேட்டாள். அம்மா என்றேன், பழியைப் போட ஆள் கிடைத்த தெம்பில்.

"அம்மா கழுவத்தான் செய்வாள்" என்றாள் கோங். "தண்ணீர் பிடிக்கும் முன்னால் நீ காலிக் குப்பியைச் சோதித்துப் பார்க்கவில்லையா? பால் ஊற்றும் முன்னால் நான் பாத்திரத்தை மோந்து பார்ப்பேன். உங்கள் படிப்பில் அப்படி ஒன்றும் கிடையாதா?"

கிடையாது என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். உண்டு, அந்த இடத்தில் ஸ்வெட்டர் வைத்துவிட்டேன் என்று சொன்னேன். எனக்கு இந்தியில் ஸ்வெட்டருக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "இப்போது தெரியாது என்கிறாய். தெரிந்ததும் சொல்வாய்தானே?" என்று கேட்டாள். இந்த முறை நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சொல்கிறேன் என்றேன்.

ஊர்த்தலைவர் சிமெண்டை நிறுத்த ஒப்புக்கொண்டார், ஆனால் மூன்று சந்தை வரைதான். அதற்குள் தெரியாவிட்டால் மூடிவிடுவோம், அதுவரை சுனையில் யாரும் குடிக்கக் கூடாது என்று சாருக்குப் பதில் எழுதினார். எனக்கு விடுப்பு கிடையாது, பரீட்சை நேரம். புதுக் குப்பிகளை ஆசிட்டில் ஊறவைத்து, அலசி, கல்லூரியிலேயே பூட்டிவைத்து, அங்கிருந்தே கூரியரில் அனுப்பினேன். வீட்டுப்பக்கம் ஒன்றையும் கொண்டுவரவில்லை. அம்மா அதைக் கேள்விப்பட்டு, "குப்பிக்குக் காவலு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் எனக்குக் காப்பி தரவில்லை.

கோங்கே தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிடித்துவிட்டேன் என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. "குப்பியை எதிலாவது கழுவினாயா?" என்று கேட்டேன். "கழுவாமல் பிடிப்பார்களா?" என்றாள். எதில் கழுவினாய் என்று கேட்டேன். "அதே சுனைத் தண்ணீரில்தான், மூன்று தடவை, கொட்டிவிட்டுப் பிடித்தேன்" என்றாள். பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதும் அதேதான், எழுத்துக்கு எழுத்து. இந்தத் தடவை சுத்த நீர் மட்டும் நிரப்பிய குப்பி ஒன்றும் கூடவே போய், கூடவே திரும்பி வந்தது.

சார் கருவிக்கூடத்தில் யார் காலைப் பிடித்தாரோ, வரிசையில் முந்தி இடம் வாங்கிவிட்டார். மூன்றாவது சந்தைக்கு இரண்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. சுத்த நீர்க் குப்பியில் ஒன்றும் இல்லை. அம்மாவின் மணலைக் குலுக்கிய குப்பியின் கோடு, பழைய எட்டுக் குப்பியின் கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது. கோங்கின் சுனையில் அருமண் தனிமங்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லவே இல்லை. ஈயம் இல்லை, கந்தகம் இல்லை, தொப்பையும் இல்லை. அந்தச் சுனை எங்கிருந்து வருகிறதோ, சுரங்கத்திலிருந்து வரவில்லை. என் அழகான அத்தியாயம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது. சாரிடம் அதைக் காட்டியபோது, "ஒண்ணரப் பக்கமானாலும் ஒள்ளதுல்லா, அது போரும்" என்றார்.

அன்று மதியமே கோங்கை அழைத்தேன். வீட்டிலிருந்துதான் பேசினேன், அம்மா முறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இந்த முறை எல்லாருக்கும் முன்னால் கோங்குக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தலைவரிடம்கூடப் பேசவில்லை. நல்ல தண்ணீர், சுனையை மூட வேண்டாம் என்றேன். அவள் கடையில் இருந்தவர்களிடம் திரும்பி அவள் மொழியில் என்னவோ சொன்னாள், ஒரே சிரிப்பும் கூச்சலும். எனக்கும் ஏதோ நானே அந்தச் சுனையைத் தோண்டிக் கொடுத்த மாதிரி பெருமை பொங்கியது.

"இனிமேல் பயமில்லாமல் குடிக்கலாம். நீயும் குடி, எல்லாருக்கும் கொடு" என்றேன் தாராளமாக.

"நான் குடித்துக்கொண்டுதானே இருந்தேன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. தலைவர் குடிக்கக் கூடாது என்றாரே, கீழே போய்த்தானே தண்ணீர் எடுத்தாய் என்று கேட்டேன். எடுத்தேன் என்றாள். தினம் இரண்டு நடை, நடைக்கு இரண்டு கேன். அது கடைக்கு வருகிறவர்களின் டீக்கும் சோற்றுக்கும்தான் காணும். வருகிறவர்களுக்கு விஷத்தைக் கொடுக்க முடியுமா? கேனைச் சுமந்து மேலே ஏறி வந்தால் தாகம் எடுக்கும். சுனை வாசலில் ஓடுகிறது. "வேறு எதைக் குடிக்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

அதாவது நான் முதல் போனை வைத்த நாளிலிருந்து. நான் சொன்னதை நம்பாமல் குடித்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் நம்பினாள். நம்பியதால்தான் அடுத்தவருக்கு ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. விஷம் என்று நான் சொன்னதை விஷம் என்றே நினைத்து, ஒவ்வொரு நாளும் குடித்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவைக்கூடத் திட்டத் தோன்றவில்லை.

"என்னட்டி சொல்லுகா?" என்று அம்மா கையைப் பிடித்து உலுக்கினாள். சொன்னேன். இத்தனை நாள் ஒரு வார்த்தை இறங்கிவராதவள், பிடித்திருந்த என் கையை விட்டாள்.

"வெஷம்னு அறிஞ்சோண்டா குடிச்சா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "போன வச்சிராத. அவளுக்கு ஒடம்புக்கு எப்பிடி இருக்குன்னு கேளு" என்றாள்.

கேட்டேன். எனக்கு என்ன, நன்றாக இருக்கிறேன் என்று கோங் சிரித்தாள். கடையில் ஆள் காத்திருக்கிறது, பிறகு பேசலாம் என்று சொல்லி அவள் போனை வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.